இரண்டாவது கப்பல்: கி.மு. 427-இல் ஏதென்ஸ் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்ட கதை

கி.மு. 427 கோடையில் ஏதென்ஸின் மக்கள் அவை கூடி ஒரு தீர்மானம் போட்டது. லெஸ்போஸ் தீவில் உள்ள மிட்டிலீன் நகரத்தில் வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும். அந்த ஆணையோடு உடனே ஒரு கப்பல் கிளம்பியது. மறுநாள் அதே அவை மறுபடியும் கூடி, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தீர்மானத்தை மாற்றியது. இரண்டாவது கப்பல் கிளம்பும்போது முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகல், ஓர் இரவு முன்னால் போய்விட்டிருந்தது.

இரண்டாவது கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், சஸ்பென்ஸ் வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டாம் நாள் அவையில் மிட்டிலீனுக்காகப் பேசியவர் ‘பாவம், விட்டுவிடுங்கள்’ என்று கெஞ்சவில்லை. ‘இது அநியாயம்’ என்றும் வாதாடவில்லை. நியாயம் இங்கே பேச்சே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் வாதத்தை எடுத்துவைத்தார்; ஜெயித்தார். அந்த வெற்றிக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

சலுகை பெற்றவர்களின் கலகம்

பாரசீகப் போருக்குப் பிறகு ஏதென்ஸ் தலைமையில் அமைந்த கடல் கூட்டணி, கொஞ்சம் கொஞ்சமாக ஏதென்ஸின் சாம்ராஜ்யமாகவே ஆகிவிட்டது. பெரும்பாலான நகரங்கள் கப்பம் கட்டின. மிட்டிலீன் கட்டவில்லை. கியோஸ் தீவைப் போலவே அதற்கும் சொந்தக் கப்பற்படையும் சொந்த ஆட்சியும் இருந்தன. அப்படிப்பட்ட ஊர் கி.மு. 428-இல் கூட்டணியை விட்டு விலகியது. ஏதென்ஸுக்கு அப்போது கெட்ட நேரம். ஸ்பார்ட்டாவோடு போர் நான்காவது ஆண்டில் இருந்தது. கொள்ளைநோய் நகரத்தைச் சூறையாடியிருந்தது. ஏதென்ஸை வழிநடத்திய தலைவர் பெரிக்ளீஸ் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

கலகத்தை நடத்தியவர்கள் மிட்டிலீனின் மேல்தட்டு ஆட்சியாளர்கள். அவர்களுடைய தூதர்கள் ஒலிம்பியாவுக்குப் போய், விளையாட்டு விழா முடிந்த கையோடு ஸ்பார்ட்டாவிடமும் அதன் நட்பு நாடுகளிடமும் பேசினார்கள். பேச்சின் தொடக்கமே மானப் பிரச்சினைதான். பழைய நண்பனைக் கைவிட்டு வருகிறவனைச் சேர்த்துக்கொள்பவன் கூட உள்ளுக்குள் மதிக்க மாட்டான், அது எங்களுக்குத் தெரியும் என்றார்கள். அப்புறம் தங்கள் தரப்பை விளக்கினார்கள்: எங்களுக்கும் ஏதென்ஸுக்கும் நடுவில் இருந்தது நட்பே இல்லை, ஒருவருக்கொருவர் பயம்தான்; எங்கள் முறை வரும் முன் நாங்கள் முந்திக்கொண்டோம். ஸ்பார்ட்டா சேர்த்துக்கொண்டது, உதவியும் வருகிறது என்றது. அந்த உதவி உருப்படியாக வந்து சேரவே இல்லை.

ஏதென்ஸ் தளபதி பாக்கீஸ் 1000 காலாட்படை வீரர்களோடு வந்து நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார். ஆள் பஞ்சத்தில் அந்த வீரர்களே துடுப்பும் போட்டுக்கொண்டு வந்தார்கள். முற்றுகைச் செலவுக்காக ஏதென்ஸ் தன் குடிமக்கள் மீதே முதன்முறையாக 200 டாலண்ட் (வெள்ளி எடையில் கணக்கிட்ட பெரும் தொகை) சொத்துவரி விதித்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவையில் பொங்கிய கோபத்தில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

குளிர்காலத்தின் முடிவில் சலீத்தஸ் என்ற ஸ்பார்ட்டன், ஓர் ஓடைப் பள்ளத்தின் வழியாக ஊருக்குள் நுழைந்து, கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று தைரியம் சொன்னார். கப்பல்கள் வரவில்லை, தானியம்தான் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் சலீத்தஸ் சாதாரண ஜனங்களுக்குக் கனரக ஆயுதங்களைக் கொடுத்து, வெளியே போய்ச் சண்டை போடலாம் என்றார். ஆயுதம் கைக்கு வந்ததுமே ஜனங்கள் எதிர்த்துக்கொண்டார்கள். பதுக்கிவைத்த தானியத்தை எல்லோருக்கும் பங்கிடுங்கள், இல்லாவிட்டால் நாங்களே ஏதென்ஸோடு பேசிக்கொள்கிறோம் என்றார்கள். ஆட்சியாளர்கள் வேறு வழியின்றிச் சரணடைந்தார்கள். வழக்கின் மையமே இந்தத் தகவல்தான்.

சரணடைவின் நிபந்தனை: ஊரின் கதியை ஏதென்ஸ் மக்கள் தீர்மானிக்கலாம், ஆனால் தூதர்கள் ஏதென்ஸ் போய்த் திரும்பும்வரை பாக்கீஸ் யாரையும் கட்டவோ விற்கவோ கொல்லவோ கூடாது. பாக்கீஸ் இந்த வாக்கை மீறவில்லை. ஆனால் அவர் வாக்குக் காப்பாற்றும் லட்சணத்துக்கு அதே கோடையில் இன்னொரு உதாரணம் உண்டு. நோட்டியம் என்ற ஊரில் எதிர்த்தரப்புக் கூலிப்படையின் தலைவர் ஹிப்பியாஸைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். பேச்சு சரிவராவிட்டால் பத்திரமாகக் கோட்டைக்குள் கொண்டுபோய் விடுவேன் என்று வாக்களித்தார். அவர் வெளியே வந்ததும் காவலில் வைத்துவிட்டு, கோட்டையைத் திடீரென்று தாக்கிப் பிடித்தார். பிறகு, சொன்ன சொல் மாறாமல், ஹிப்பியாஸைக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கால் வைத்ததும் பிடித்து அம்பெய்து கொன்றார். வாக்கில் ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை.

முதல் நாளும் இரண்டாம் நாளும்

சலீத்தஸையும் கலகத்தில் முக்கியமானவர்களையும் பாக்கீஸ் ஏதென்ஸுக்கு அனுப்பிவைத்தார். சலீத்தஸ் வந்ததுமே கொல்லப்பட்டார். அன்றைய அவையில் கோபம் மட்டுமே பேசியது. கப்பம் கட்டாமல் சலுகையோடு வைத்திருந்தவர்களே துரோகம் செய்தார்கள், ஸ்பார்ட்டாவின் கப்பல்கள் நம் கடல்வரை வரத் துணிந்தன, ஆகவே இது நெடுநாள் சதி. இந்தக் கோபத்தில்தான் எல்லோரையும் கொல்லும் தீர்மானம் நிறைவேறியது.

விடிந்ததும் பலருக்கு உறுத்தியது. குற்றவாளிகளை மட்டுமல்லாமல் ஓர் ஊரையே அழிப்பது கொடூரம் என்று பட்டது. மிட்டிலீன் தூதர்களும் அவர்களுக்கு ஆதரவான ஏதென்ஸ்காரர்களும் அதிகாரிகளைப் பிடித்து அவையை மறுபடி கூட்டவைத்தார்கள். இதையெல்லாம் பதிவு செய்த துசிடிடீஸ், தன் நூலில் வரும் உரைகள் சொல்லுக்குச் சொல் பதிவு அல்ல என்று முன்பே சொல்லிவிடுகிறார். சொல்லப்பட்டதன் மொத்தக் கருத்தை ஒட்டி, அந்தச் சூழலுக்கு எது பேசப்பட்டிருக்க வேண்டுமோ அதை எழுதியிருக்கிறார். கீழே வருவதை அந்த எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்.

முதலில் கிளியோன் பேசினார். குடிமக்களிலேயே மூர்க்கமானவர், அன்றைக்கு மக்களிடம் மிக அதிகமாக எடுபட்டவர் என்று துசிடிடீஸ் அறிமுகம் செய்கிறார். பிடிக்காத ஆளைப் பற்றிய அறிமுகம் என்பது நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அந்த உரையை வெறும் வெறிப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

கிளியோன் சொன்னது இது. மக்களாட்சியால் மற்றவர்களை ஆள முடியாது என்று எனக்கு எப்போதும் தோன்றும். இன்றைக்கு உங்கள் மனமாற்றத்தைப் பார்த்து உறுதியாகிவிட்டது. உங்கள் ஆட்சி ஒரு கொடுங்கோன்மை, உங்கள் கீழே இருப்பவர்கள் விருப்பத்தோடு இருக்கவில்லை. மாறாமல் நிற்கும் மோசமான சட்டம், மாறிக்கொண்டே இருக்கும் நல்ல சட்டத்தைவிட மேல். நீங்கள் பேச்சை நாடகம் மாதிரி வேடிக்கை பார்க்கிறீர்கள், நடந்ததைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள். சாம்ராஜ்யத்துக்கு மூன்று விஷயங்கள் ஆகாது: இரக்கம், பேச்சு ருசி, பெருந்தன்மை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெரிக்ளீஸும் கிட்டத்தட்ட இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார். ஒரு சின்ன வித்தியாசம்: அவர் ‘கொடுங்கோன்மை போன்றது’ என்றார். கிளியோன் ‘போன்றது’ என்பதை எடுத்துவிட்டார். அது போக, பேச்சை நம்பாதீர்கள் என்று மக்களைத் தன் பேச்சால் நம்பவைக்கப் பார்த்தவர் ஊரிலேயே நம்பர் ஒன் பேச்சாளர். கவனிக்க வேண்டிய இன்னொன்று, கிளியோன் பேச்சில்தான் நியாயம் என்ற சொல் இருக்கிறது. அவர்கள் செய்தது அநியாயம், தண்டிப்பது நியாயம், அதுவே நமக்கு லாபமும்கூட என்றார். கொலைக்கு வாதாடியவர் நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டதால், காப்பாற்ற வந்தவருக்கு அந்தச் சொல் கிடைக்காமல் போயிற்று.

காப்பாற்ற வந்தவர் டியோடோட்டஸ், யூக்ரட்டீஸின் மகன். முதல் நாளும் கொலைத் தீர்மானத்தை எதிர்த்தவர் இவரே. துசிடிடீஸின் இந்தப் பக்கங்களைத் தாண்டி இவர் வரலாற்றில் தென்படுவதே இல்லை. நல்ல ஆலோசனைக்கு இரண்டு எதிரிகள், அவசரமும் கோபமும் என்று தொடங்கினார். பிறகு விசித்திரமாக ஒன்று சொன்னார்: இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகிப்பதால், கெட்டதைச் சொல்ல வருகிறவன் ஏமாற்றுவது போலவே, நல்லதைச் சொல்ல வருகிறவனும் பொய் சொல்லித்தான் உங்களை நம்பவைக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அடுத்து அவர் பேசிய அத்தனையும் லாப நஷ்டக் கணக்கு. நான் முதலில் படித்தபோது இந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். இப்போது படித்தால், வாக்களிப்பவர்களை ஏமாற்றப்போகிறேன் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு ஏமாற்றுகிறாரோ என்று படுகிறது.

கணக்கு இப்படிப் போகிறது. நாம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் குற்றவாளிகளா என்பது விஷயமே அல்ல, நமக்கு எது உபயோகம் என்பதுதான். மரண தண்டனையால் குற்றம் நின்றதாக வரலாறே இல்லை. ஆசை முன்னால் போகிறது, நம்பிக்கை பின்னாலேயே போகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைவிடப் பலமானவை. சரணடைந்தாலும் சாவுதான் என்றால் அடுத்து கலகம் செய்யும் ஊர் கடைசிவரை சண்டை போடும். முற்றுகைச் செலவு நமக்கு, கடைசியில் கிடைப்பதும் பாழடைந்த ஊர், அதிலிருந்து கப்பம் வராது.

அப்புறம் அவருடைய பலமான சீட்டை இறக்கினார். எல்லா ஊரிலும் சாதாரண ஜனங்கள் நமக்குச் சாதகம். மிட்டிலீனில் ஆயுதம் கிடைத்ததும் ஊரை நம்மிடம் ஒப்படைக்கவைத்தவர்கள் அவர்களே. அவர்களையும் சேர்த்துக் கொன்றால், அடுத்த கலகத்தில் எல்லா ஊர் ஜனங்களும் மேல்தட்டோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் குற்றம் செய்திருந்தால்கூடச் செய்யாதது போல நாம் நடந்துகொள்ள வேண்டும்.

கைதூக்கி வாக்களித்தார்கள். ஏறக்குறைய சரிசமம். டியோடோட்டஸ் ஜெயித்தார்.

துடுப்பில் உண்டு, துடுப்பில் உறங்கி

ஏதென்ஸிலிருந்து மிட்டிலீன் கடல்வழியில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். மூவடுக்குத் துடுப்புக் கப்பலில் 170 பேர் துடுப்புப் போடுவார்கள். வழக்கமாக இரவில் கரை ஒதுங்கி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவது பழக்கம். இரண்டாவது கப்பலுக்கு அந்த அவகாசம் இல்லை. மிட்டிலீன் தூதர்கள் ஒயினும் பார்லி மாவும் ஏற்றிக்கொடுத்து, நேரத்துக்குப் போனால் பெரிய வெகுமதி தருவதாகச் சொன்னார்கள். ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் துடுப்புப் போட்டுக்கொண்டே தின்றார்கள். முறை வைத்துக்கொண்டு சிலர் தூங்க, மற்றவர்கள் துடுப்பை நிறுத்தவில்லை. எதிர்க்காற்றும் இல்லை.

முதல் கப்பலைப் பற்றித் துசிடிடீஸ் எழுதியது ஒரே ஒரு வரிதான், ஆனால் எனக்கு இந்த வழக்கிலேயே மிகப் பிடித்த வரி அது: பிடிக்காத வேலைக்குப் போனதால் அந்தக் கப்பல் அவசரப்படாமல் போனது. அவையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத இரக்கத்தை, துடுப்புப் போட்டவர்கள் கையை மெதுவாக்கிக் காட்டிவிட்டார்கள். உரை எதுவும் ஆற்றாமலே.

பாக்கீஸ் முதல் ஆணையைப் படித்து முடித்து, நிறைவேற்றத் தயாரான நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது.

பலர் இந்தக் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்த முக்கியக் குற்றவாளிகளை, கிளியோன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி அதே அவை கொன்றது. ஆயிரத்துக்கும் சற்று அதிகமானவர்கள் என்கிறது மூலம். அந்த எண் கையெழுத்துப் பிரதியில் நேர்ந்த பிழை, சுமார் 30 பேராக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். மதில்கள் இடிக்கப்பட்டன, கப்பல்கள் பறிக்கப்பட்டன. கலகத்தில் சேராத மெத்திம்னா என்ற ஊரைத் தவிர்த்துத் தீவின் நிலம் முழுவதும் 3000 பங்காகப் பிரிக்கப்பட்டது. 300 பங்கு தெய்வங்களுக்கு, மிச்சம் சீட்டுக் குலுக்கி ஏதென்ஸ்காரர்களுக்கு. சொந்த நிலத்தையே லெஸ்போஸ்காரர்கள் குத்தகைக்கு உழுது, பங்குக்கு வருடம் 2 மினா கட்டினார்கள். 60 மினா ஒரு டாலண்ட்; பெருக்கிப் பார்த்தால் 90 டாலண்ட். டியோடோட்டஸின் லாபக் கணக்கு பலித்துவிட்டது.

அதே கோடையில் பிளாட்டீயா என்ற சிறிய ஊர் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. அவர்கள் டியோடோட்டஸ் மாதிரிப் பேசவில்லை. பாரசீகரை எதிர்த்து எங்கள் மண்ணில் விழுந்த உங்கள் முன்னோர்களின் கல்லறைகளை நாங்கள்தான் இன்றுவரை மரியாதை செய்து காத்துவருகிறோம் என்று மானத்தையும் நன்றியையும் நினைவூட்டினார்கள். ஸ்பார்ட்டாவின் ஐந்து நீதிபதிகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: இந்தப் போரில் எங்களுக்கு ஏதாவது நன்மை செய்தாயா? இல்லை என்றவர்களை ஒவ்வொருவராகக் கொன்றார்கள். இருநூறுக்குக் குறையாத பிளாட்டீயர்கள், 25 ஏதென்ஸ்காரர்கள். பிளாட்டீயாவின் பக்கத்து எதிரியும் ஸ்பார்ட்டாவின் நட்பு நாடுமான தீப்ஸைத் திருப்திப்படுத்துவது அப்போது ஸ்பார்ட்டாவுக்கு லாபமாக இருந்தது. இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் துசிடிடீஸின் கருத்துரை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேடையில் அதே அவை

சில ஆண்டுகள் கழித்து, கி.மு. 424 வாக்கில், ஏதென்ஸின் நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘ஹெக்குபா’ மேடையேறியது. கூட்டணி நகரங்கள் கொண்டுவந்த கப்பப் பணத்தை நாடக விழாவில் அதே மேடைக்களத்தில் வைத்துக் காட்டுவது ஏதென்ஸின் வழக்கம். பார்க்க வந்தவர்களில் பலர் மிட்டிலீன் வாக்கெடுப்பில் கை தூக்கியவர்கள்.

டிராய் விழுந்துவிட்டது. அரசி ஹெக்குபா அடிமை. இறந்துபோன அக்கிலீஸின் ஆவி தன் கல்லறைக்கு மரியாதை கேட்கிறது. ஹெக்குபாவின் மகள் பொலிக்ஸெனாவைப் பலியிடலாமா என்று கிரேக்கப் படை அவை கூட்டுகிறது. இரு தரப்பு வாதமும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தது, இனிக்கப் பேசி ஜனங்களைக் குளிரவைக்கும் ஒடிஸியஸ் எழுந்து பேசும்வரை என்று கோரஸ், அதாவது நாடகத்தின் பாடகர் குழு, சொல்கிறது. அந்த ‘சரிசமம்’ கேட்டு அரங்கில் யாராவது நெளிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒடிஸியஸ் ஒருமுறை டிராய்க்குள் உளவு பார்க்க வந்து மாட்டிக்கொண்டபோது காப்பாற்றியதே ஹெக்குபாதான். அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய் என்று கேட்கிறாள். சாகாமலிருக்க எத்தனையோ பேச்சைக் கண்டுபிடித்தேன் என்கிறான். கூச்சமே இல்லாத பதில். அவனுடைய வாதமும் மான வாதமே: செத்த வீரனுக்கு மரியாதை இல்லை என்றால் நாளைக்கு எவன் சண்டைக்கு வருவான்? பொலிக்ஸெனா கெஞ்சிவிடுவாளோ என்று வலது கையை மேலங்கிக்குள் மறைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவளோ பயப்படாதே, நானே வருகிறேன் என்கிறாள். மானம் என்ற சொல்லை மேடையில் ஆளாளுக்கு எடுத்தாலும் அது அவள் ஒருத்தியிடம்தான் பொருந்தி நிற்கிறது.

பிறகு ஹெக்குபாவின் மகன் கொலையானது தெரியவருகிறது. பழிவாங்க கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் உதவி வேண்டும். முதலில் சட்டத்தையும் நியாயத்தையும் சொல்லிக் கேட்கிறாள். அவன் நழுவுகிறான். உடனே தொனி மாறுகிறது. எல்லாக் கல்விக்கும் காசு கொடுக்கிறோமே, மனிதரை ஆளும் ஒரே சர்வாதிகாரியான பெய்த்தோவை, அதாவது பேசி இணங்கவைக்கும் கலையை, ஏன் காசு கொடுத்துக் கற்கவில்லை என்று புலம்புகிறாள். அடுத்த நொடி, நீ என் மகள் கசாண்ட்ராவோடு படுக்கிறாயே, அதற்காகவாவது செய் என்கிறாள். அது வேலை செய்கிறது. அகமெம்னான் கண்ணை மூடிக்கொள்கிறான். அவளும் மற்றப் பெண்களும் கொலைகாரன் பொலிமெஸ்டரின் கண்களைக் குத்தி, அவனுடைய குழந்தைகளைக் கொல்கிறார்கள்.

டியோடோட்டஸ் போன பாதையும் இதுதான். நியாயம் எடுபடாத இடத்தில் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டு, எதிராளிக்கு எது வேண்டுமோ அதைப் பேசுவது. அவர் ஓர் ஊரைக் காப்பாற்றினார், ஹெக்குபா குழந்தைகளைக் கொன்றாள். கையில் எடுத்த கருவி ஒன்றே. டியோடோட்டஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு வேறெப்படிப் பேசியிருந்தாலும் இரண்டாவது கப்பல் கிளம்பியிருக்காது. ஆனால் கொல்லாமலிருக்க லாபம் மட்டுமே காரணம் என்று ஓர் அவைக்குப் பழக்கிவிட்டால், கொல்வதில் லாபம் தெரியும் நாளில் அந்த அவையிடம் எடுத்துச்சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அந்த நாளும் வந்தது. கி.மு. 423-இல் ஸ்கியோன் என்ற ஊர் கலகம் செய்தபோது கிளியோனின் தீர்மானம் நிறைவேறியது. 421-இல் ஊர் விழுந்ததும் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். 416-இல் மெலோஸ் தீவு. நியாயம் என்பது சமபலம் உள்ளவர்களுக்கு நடுவில் பேசும் விஷயம், லாபத்தை மட்டும் பேசுவோம் என்று ஏதென்ஸ் தூதர்கள் அங்கே முன்கூட்டியே விதி வைத்தார்கள். எங்களை விட்டுவைப்பது உங்களுக்கே லாபம் என்று மெலோஸ்காரர்கள் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. குளிர்காலத்தில் ஊர் விழுந்தது. ஆண்கள் கொலை, பெண்களும் குழந்தைகளும் அடிமை, 500 ஏதென்ஸ் குடியேறிகள். அடுத்த வசந்தத்தில் யூரிப்பிடீஸின் ‘டிராய்ப் பெண்கள்’ மேடையேறியது. இரண்டாம் பரிசு.

கி.மு. 405-இல் ஏதென்ஸின் கடைசிக் கப்பற்படையும் அழிந்த செய்தி வந்த இரவில் ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. மெலோஸுக்கும் ஸ்கியோனுக்கும் செய்தது தங்களுக்கும் நடக்கும் என்று நடுங்கினார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் செனபோன். அடுத்த ஆண்டு ஸ்பார்ட்டாவின் கூட்டணி கூடியபோது கொரிந்தும் தீப்ஸும் ஏதென்ஸை அழித்துவிட வேண்டும் என்றன. ஊரைத் தரைமட்டமாக்கி ஆடு மேய விட்டுவிடலாம் என்று ஒரு தீப்ஸ்காரர் சொன்னதாக, பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அன்று விருந்தில் போக்கிஸ் நாட்டு ஆள் ஒருவர் யூரிப்பிடீஸின் ‘எலெக்ட்ரா’வில் வரும் கோரஸ் பாட்டைப் பாடினாராம். அரசன் மகள் கந்தலோடு குடிசை வாசலில் நிற்கும் இடம். கேட்டவர்கள் மனம் இளகி, இப்படிப்பட்ட கவிகளைப் பெற்ற ஊரையா அழிப்பது என்று பின்வாங்கினார்கள் என்கிறார். செனபோனிடம் இந்தப் பாட்டுக் கதை இல்லை. பெரிய ஆபத்தில் கிரேக்கத்துக்குப் பேருதவி செய்த நகரத்தை அடிமையாக்க மாட்டோம் என்று ஸ்பார்ட்டா சொன்னது என்கிறார். பிளாட்டீயர்கள் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத அதே வாதம். வளர்ந்துவரும் தீப்ஸுக்குத் தடையாக ஏதென்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற கணக்கும் ஸ்பார்ட்டாவிடம் இருந்திருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

ஏதென்ஸ் பிழைத்தது. மிட்டிலீனுக்கு அது விதித்தது போலவே அதன் மதில்கள் இடிக்கப்பட்டன, கப்பல்கள் பறிக்கப்பட்டன. இடிக்கும்போது குழல் வாசிக்கும் பெண்களை வரவழைத்து வாசிக்கவைத்தார்கள்.